பீலித் தண்ணீரும் மீட்டர் தட்டும்

(பெரகலயில், சுற்றுவட்டாரத் தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவு)



நாம் கூடியிருப்பது ஒரு சந்தியில். பலாங்கொடை, ஹல்துமுல்லைப் பக்கமிருந்து ஏறி வரும் வீதி இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைக்குப் போகிறது. மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. தண்ணீருக்கும் இந்த மலை ஒரு சந்திதான். அப்புத்தளை முகட்டின் வடக்குச் சரிவில் பெய்யும் மழை உமா ஓயாவில் இறங்கி, மகாவலியோடு சேர்ந்து திருகோணமலைப் பக்கம் கடலுக்குப் போகிறது. தெற்குச் சரிவில் பெய்வது கிரிந்தி ஓயாவிலோ வளவையிலோ கலந்து தென்கடலைச் சேர்கிறது. இப்படித் தண்ணீர் பிறந்து பிரிகிற இடத்தில் இருந்துகொண்டு, ஓடுகிற ஒன்றை எப்படி அளப்பது என்று பேசுவதைவிடப் பொருத்தமான காரியம் எனக்குத் தெரியவில்லை. ஓடுகிற நீர், ஓடுகிற மின்சாரம் இரண்டையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. தோட்டத்து மக்களாகிய நம்மை அளந்த அளவுக்கு இந்த நாட்டில் வேறு யாரையும் அளந்திருக்க மாட்டார்கள். பெரட்டுக் களத்தில் ஆட்களை எண்ணினார்கள். மலையில் கொழுந்தை நிறுத்தார்கள். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. எத்தனை மணி, எத்தனை கிலோ, எத்தனை பேர் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. அந்தக் கணக்குப் புத்தகம் மட்டும் நம் கையில் இருந்ததில்லை. அளக்கும் கருவியை நம் பிள்ளைகள் கையில் எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் வந்தேன். மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

அரிசியைப் படியில் அளக்கலாம், துணியை முழத்தில் அளக்கலாம். அவை நமக்காக அசையாமல் நிற்கும். ஓடும் நீர் நிற்பதில்லை. அளக்கிற நேரத்திலேயே அது போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே ஓட்டத்தை அளக்க வேண்டுமானால் காலத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். நம் முன்னோர் இதைத் திருப்பிப் போட்டு, நீரின் ஓட்டத்தைக் கொண்டே காலத்தை அளந்தார்கள். நாழிகை வட்டில் என்பது அடியில் சிறு துளையிட்ட கிண்ணம். அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டால், துளை வழியே நீர் ஏறி அது மூழ்க ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம் ஆகும். துளையின் அளவை அவ்வளவு நுட்பமாக வைத்தவர்களுக்கு நீரோட்டத்தின் கணக்கு கைவந்திருக்கிறது.

எளிய அளவையிலிருந்து தொடங்குவோம். லயத்துக்குப் பின்னால் இருக்கும் பீலியில் 20 லீற்றர் வாளியை வையுங்கள். நிறைய 40 விநாடி எடுத்தால், அந்தப் பீலியின் ஓட்டம் விநாடிக்கு அரை லீற்றர். இதற்கு மேல் கருவி வேண்டாம். ஆனால் பெரிய ஓடையை வாளிக்குள் பிடிக்க முடியாது. அங்கேதான் பெல்பாஸ்ட் நகரத்துப் பேராசிரியர் ஒருவர் நமக்கு உதவிக்கு வருகிறார். ஜேம்ஸ் தொம்சன் என்பது அவர் பெயர். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று உலகம் கொண்டாடிய வில்லியம் தொம்சனின் அண்ணன். தம்பியின் புகழில் அண்ணனின் பெயர் மங்கிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் மலைநாட்டில் வாழ்பவர்களுக்கு அண்ணன் செய்த வேலைதான் அதிகம் பயன்படுவது.

1850களின் இறுதியிலும் 1861-லும் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் முன் அவர் வைத்த யோசனை இது. ஓடைக்குக் குறுக்கே ஒரு பலகையை நிறுத்துங்கள். அதன் மேல் விளிம்பில் முக்கோணமாக ஒரு வெட்டு, அடிமுனையில் சரியாக 90 பாகைக் கோணம். ஓடை முழுவதும் அந்த வெட்டின் வழியாகவே விழ வேண்டும். வெட்டின் அடிமுனையிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு உயரம் என்று பார்த்தால் போதும், ஓட்டம் தெரிந்துவிடும். அதற்கு முன்பு நேரான, செவ்வகமான வெட்டுகள் வழக்கத்தில் இருந்தன. அமெரிக்காவில் லோவெல் நகர ஆலைக் கால்வாய்களில் ஜேம்ஸ் பிரான்சிஸ் அவற்றை மிகக் கவனமாகச் சோதித்து 1855-இல் நூலாக வெளியிட்டார். ஆனால் செவ்வக வெட்டில், கோடையில் ஓடை மெலியும்போது நீர் வெறும் படலமாகப் பரவிவிடும், அளவு பிசகும். முக்கோண வெட்டில் நீர் எவ்வளவு குறைந்தாலும் அதே வடிவத்தில்தான் விழும். பெருகினாலும் அதே வடிவம், சற்றுப் பெரிதாக, அவ்வளவுதான். இந்த ஒரு வடிவக் கணிதத்தில் அடங்கியிருக்கிறது அவருடைய மேதைமை.

கணக்கைப் பாருங்கள். வெட்டில் நீர் 10 சென்ரிமீற்றர் உயரம் நின்றால் விநாடிக்குச் சுமார் 4.4 லீற்றர் ஓடுகிறது. 20 சென்ரிமீற்றர் நின்றால் சுமார் 25 லீற்றர். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கும் மேல் கூடுகிறது. மாணவர்களுக்குச் சொல்கிறேன்: உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் இரண்டரையாம் அடுக்கை 1.38-ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கனமீற்றர் என்று வரும். சாதாரண தரத்தில் படித்த கணிதமே இதற்குத் தாராளம்.

 

ஓட்டம் தெரிந்தால் சக்தி தெரியும். நீர் விநாடிக்கு எத்தனை லீற்றர், எத்தனை மீற்றர் கீழே விழுகிறது, இந்த இரண்டையும் பெருக்கி, பின் 9.81-ஆல் பெருக்கினால் வாட் கணக்கில் விடை வரும். அருகிலிருக்கும் தியலும நீர்வீழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 220 மீற்றர் உயரம். அங்கே விழும் ஒவ்வொரு லீற்றரும், விநாடிக்கு ஒன்று என்ற வீதத்தில், இரண்டு கிலோவாட்டுக்கும் சற்று அதிகமான சக்தியைச் சுமந்துகொண்டு விழுகிறது. அவ்வளவு பெரிய வீழ்ச்சி வேண்டாம். முன்பு சொன்ன 25 லீற்றர் ஓடை, 40 மீற்றர் இறங்கினால் சுமார் 10 கிலோவாட். குழாயிலும் சுழலியிலும் மின்பிறப்பாக்கியிலும் பாதி போனாலும் 5 கிலோவாட் கையில் நிற்கும். வீட்டுக்கு 100 வாட் என்று பங்கிட்டால் 50 வீடுகளுக்குக் காணும்.

இது புதிய கனவு அல்ல. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான சிறு நீர்ச்சுழலிகள் ஓடின. பெரும்பாலும் தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும்தான் அவை வெளிச்சம் கொடுத்தன. அதே ஓடைக்கரையில் இருந்த லயக் காம்பராக்களில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. பின்பு தேசிய மின்வலை மலைக்கு ஏறி வந்தது. அதற்கு வித்திட்டவர் டி. ஜே. விமலசுரேந்திர. நம் ஆறுகளிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று 1918-இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் கணக்கோடு எடுத்துரைத்தவர் அவர். அவர் கேட்ட லக்ஷபான நிலையம் 1950-இல்தான் இயங்கத் தொடங்கியது. மின்வலை வந்ததும் தோட்டச் சுழலிகள் பல கைவிடப்பட்டுத் துருப்பிடித்தன. சிலவற்றைப் பிற்காலத்தில் மீட்டெடுத்தார்கள்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். பீலிக்கு மேலே தொட்டி இருக்கும் உயரத்தை வோல்ட் என்றும், குழாயில் ஓடும் நீரை அம்பியர் என்றும் வைத்துக்கொண்டால், இரண்டின் பெருக்கம் வாட். ஆனால் நீரைக் கண்ணால் காணலாம். கம்பியில் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. 1820-இல் டென்மார்க்கின் ஏர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே திசைகாட்டி ஊசி திரும்புவதைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத ஓட்டத்துக்கு முதன்முதலாக ஒரு முள் கிடைத்தது. அதே ஆண்டில் ஸ்வைகர், கம்பியைப் பல சுற்றாகச் சுற்றி அந்த விளைவைப் பெருக்கினார். 1858-இல் நம் தொம்சன் சகோதரர்களில் இளையவர், சிறு கண்ணாடித் துண்டு ஒட்டிய காந்தத்தைப் பட்டிழையில் தொங்கவிட்டு, அது திருப்பும் ஒளிப்புள்ளியைக் கொண்டு அத்திலாந்திக் கடலடிக் கம்பியில் வந்த மிக மெல்லிய ஓட்டத்தையும் வாசித்தார். அண்ணன் ஓடையை அளந்தார், தம்பி மின்னை அளந்தார்.

ஆனால் அறிவியல்கூடத்தில் அளப்பது வேறு, விற்பதற்காக அளப்பது வேறு. எடிசன் 1882-இல் நியூயோர்க்கில் பேர்ல் வீதியில் மின்நிலையம் திறந்து மின்சாரத்தை விற்கத் தொடங்கியபோது, அவர் பயன்படுத்திய மீட்டர் எது தெரியுமா? ஒரு கண்ணாடிக் குப்பி, அதில் நாகசல்பேற்றுக் கரைசல், கரைசலில் இரண்டு நாகத் தகடுகள். வீட்டுக்குப் போகும் மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கு இந்தக் கரைசலின் வழியாகப் போகும். ஒரு தகட்டிலிருந்து நாகம் கரைந்து மற்றத் தகட்டில் படியும். மாதமுடிவில் ஆள் வந்து தகடுகளைக் கழற்றி எடுத்துப் போவார். கம்பனியில் அவற்றைத் தராசில் நிறுத்து, எவ்வளவு நாகம் இடம் மாறியது என்று பார்த்துப் பில் எழுதுவார்கள். குளிர்காலத்தில் கரைசல் உறையாமலிருக்கப் பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு மின்விளக்கும் வைத்திருந்தார்கள்.

இதன் அறிவியலில் பிழையில்லை. பாரடேயின் மின்பகுப்பு விதிப்படி அது ஒழுங்காகவே வேலை செய்தது. குறை வேறு இடத்தில் இருந்தது. பணம் கட்டுகிறவர் அந்தக் குப்பியைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. நிறுத்தவர் சொன்னதே கணக்கு. கொழுந்துக் கூடையோடு தராசுக்கு முன்னால் நின்ற தாய்மாருக்கு இந்த நிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் குறையைத் தீர்த்தது நம் வீட்டுச் சுவரில் பல காலம் சுழன்ற அலுமினியத் தட்டு. இத்தாலியில் தூரின் நகரத்துப் பேராசிரியர் கலிலியோ பெராரிஸ் 1885-இல், இரண்டு மாறுமின்னோட்டங்களைக் கொண்டு சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்கலாம் என்று காட்டினார். 1888-இல் அமெரிக்காவில் வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஒலிவர் ஷாலன்பெர்கர், புதிய மின்விளக்கு ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது உள்ளே கழன்று விழுந்த சிறு சுருள்வில் தானாகச் சுற்றுவதைக் கவனித்து, அதிலிருந்து ஒரு மீட்டரை உருவாக்கினார். மறுஆண்டு புடாபெஸ்ட் நகரில் கன்ஸ் தொழிற்சாலையின் ஒட்டோ பிளாத்தி, மின்சக்தியை அளக்கும் தூண்டல் மீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் வந்தவை இருபது கிலோவுக்கும் மேல் கனத்தன.

பழைய தட்டு மீட்டர் உள்ள வீட்டுக்காரர்கள் இன்று போய் அதை நிதானமாகப் பாருங்கள். தட்டின் விளிம்பில் ஒரு கறுப்பு அல்லது சிவப்பு அடையாளம் இருக்கும். தட்டை எதுவும் தொட்டுத் திருப்புவதில்லை. ஒரு பக்கம் மெல்லிய கம்பியைப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றிய சுருள், அது வோல்ட்டை உணர்கிறது. மறுபக்கம் தடித்த கம்பியில் சில சுற்றுகளே உள்ள சுருள், வீட்டுக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் அதன் வழியே போகிறது. இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டில் சுழல் மின்னோட்டங்களை எழுப்பித் தட்டைத் தள்ளுகின்றன. தள்ளும் விசை வாட்டுக்கு ஏற்ப இருக்கும். தள்ளிக்கொண்டே இருந்தால் தட்டின் வேகம் கூடிக்கொண்டே போகுமே என்று கேட்பீர்கள். அதற்காகவே தட்டின் இன்னொரு விளிம்பில் ஒரு நிலைக்காந்தம் இருக்கிறது. வேகம் கூடக்கூட அது இழுத்துப் பிடிக்கும். இந்தத் தள்ளலும் இழுப்பும் சமப்படுகிற வேகமே நாம் அந்த நேரத்தில் எடுக்கும் சக்தி. எத்தனை சுற்று என்று பற்சக்கரங்கள் எண்ணி, யூனிட்டாகக் காட்டுகின்றன. இதில் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் வெளிப்படையாக நடக்கிறது. மீட்டர் பார்க்க வருகிறவருக்குத் தெரிவது வீட்டுக்காரருக்கும் தெரியும்.

ஒரு பயிற்சி தருகிறேன். மீட்டரின் முகப்பில், ஒரு கிலோவாட் மணிக்கு, அதாவது ஒரு யூனிட்டுக்கு, எத்தனை சுற்று என்று எழுதியிருக்கும். 600 என்று இருந்தால், வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு 100 வாட் குண்டு பல்ப்பை மட்டும் போடுங்கள். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற ஒரு நிமிடம் எடுக்க வேண்டும். பல்ப்பையும் அணைத்த பிறகு தட்டு நின்றுவிட வேண்டும். நிற்கவில்லையென்றால் எங்கோ கசிவு, அல்லது யாரோ நம் கம்பியிலிருந்து எடுக்கிறார்கள், அல்லது மீட்டரில் கோளாறு. தட்டில்லாத இலக்க மீட்டரிலும் சிமிட்டும் சிறு விளக்கைக் கொண்டு இதையே செய்யலாம். முறைப்பாடு எழுதப் போகும்போது, பில் கூட வருகிறது என்று மொட்டையாக எழுதுவதற்கும், இத்தனை வாட்டுக்கு இத்தனை விநாடியில் ஒரு சுற்று என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள்.

மீட்டரே வேண்டாத இடமும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1990களின் இறுதியிலிருந்து இலங்கையின் மலைக் கிராமங்கள் பலவற்றில் மக்களே மின் நுகர்வோர் சங்கம் அமைத்துச் சிறு நீர்மின் திட்டங்களை நடத்தினார்கள். அவற்றில் வழக்கமாக வீட்டுக்கு வீடு யூனிட் மீட்டர் வைப்பதில்லை. குறிப்பிட்ட வாட்டுக்கு மேல் எடுத்தால் விழுந்துவிடும் ஒரு சிறு பிரேக்கர், மாதம் ஒரு நிலையான சந்தா, அவ்வளவுதான். ஏன் என்று யோசித்தால் அழகான விடை கிடைக்கும். சின்ன ஓடையில் அணை கட்டி நீரைத் தேக்குவதில்லை. நள்ளிரவில் நீங்கள் விளக்கை அணைத்தாலும் தண்ணீர் ஓடிப்போகத்தான் போகிறது. ஆகவே மொத்தமாக எத்தனை யூனிட் என்ற கேள்விக்கு அங்கே வேலையில்லை. இரவு ஏழு மணிக்கு எல்லோரும் ஒன்றாக எடுக்கும்போது ஒருவர் எவ்வளவு எடுக்கிறார் என்பதுதான் கேள்வி. எதை அளக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது, அளக்கத் தெரிவதற்கு முந்திய படி.

நீரும் மின்னும் ஒரே கருவியில் சந்தித்த கதை ஒன்று உண்டு. 1832-இல் மைக்கேல் பாரடே, இலண்டன் வாட்டர்லூ பாலத்தின் கைப்பிடிச் சுவர் நெடுகக் கம்பி இழுத்து, இரு முனைகளிலும் செப்புத் தகடுகளைக் கட்டித் தேம்ஸ் ஆற்றில் இறக்கினார். நீர் மின்சாரத்தைக் கடத்தும், பூமி ஒரு காந்தம். ஆகவே பாயும் ஆறு மின்னோட்டத்தை உண்டாக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எண்ணம் சரி, கருவி போதவில்லை. நம்பத்தக்க அளவு அவருக்குக் கிடைக்கவில்லை. நூறாண்டுக்குப் பிறகு, குழாயைச் சுற்றி வலிய காந்தப்புலம் வைத்து அதே தத்துவத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று உலகெங்கும் குடிநீர்த் திட்டக் குழாய்களில் இருக்கும் மின்காந்த ஓட்டமானி அதுதான்.

இப்போது நம் ஊருக்குத் திரும்பி, மனத்துக்குப் பாரமான இரண்டு விடயங்களைப் பேச வேண்டும்.

உமா ஓயா நீர்மின் திட்டத்துக்காக மலைக்குள் சுரங்கம் குடைந்தபோது, 2014 டிசம்பரில் உள்ளே நீர் பீறிட்டது. மேலே பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017-இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். அந்தத் திட்டத்தின் 120 மெகாவாட் நிலையம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது. சுரங்கத்துக்குள் வந்த நீரைப் பொறியியலாளர்கள் அளந்தார்கள். ஆனால் சுரங்கம் வெட்டுவதற்கு முந்திய ஆண்டுகளில் தன் கிணற்றின் நீர்மட்டத்தைத் திகதி போட்டு எழுதி வைத்திருந்த குடும்பம் எத்தனை? இழப்பீடு கேட்கப் போகிற இடத்தில், முன்பு எவ்வளவு இருந்தது என்ற கேள்விதான் முதலில் வரும். ஒரு கயிறு, ஒரு கல், ஒரு கொப்பி இருந்திருந்தால் அதற்குப் பதில் இருந்திருக்கும். இதை நான் பாதிக்கப்பட்டவர்கள் மீது குற்றமாகச் சொல்லவில்லை. எழுதி வைக்கச் சொல்லி அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அந்தக் கடமை படித்தவர்களாகிய நம்முடையது.

மற்றது மீரியபெத்த. இங்கிருந்து கொஸ்லந்தைப் பக்கம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, குடும்பங்கள் லயத்திலேயே இருந்தன. மாற்று இடம் கொடுக்காமல் எச்சரிக்கை மட்டும் கொடுத்தால் ஏழைத் தொழிலாளி எங்கே போவார்? அந்தக் கேள்வியை எந்தக் கருவியும் தீர்க்காது. ஆனாலும் மழைமானி உயிர் காக்கும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை கடந்தால் விழிப்பு, 100 கடந்தால் தயார் நிலை, 150 கடந்தால் வெளியேற வேண்டும் என்பது அந்த நிறுவனம் பின்பற்றும் அளவுகோல். கொரியாவில் 15-ஆம் நூற்றாண்டிலேயே அரசன் சேஜோங் ஊர்தோறும் ஒரே அளவான மழைமானிப் பாத்திரங்களை வைக்கச் செய்தான். நேரான சுவருள்ள ஒரு பாத்திரமும் அடிமட்டமும்தான் கருவி. ஒவ்வொரு டிவிஷனிலும் திறந்த வெளியில் ஒன்று இருக்க வேண்டும். பெருமழை நாளில் இரவிலும் அதைப் பார்க்க ஆள் வேண்டும், பார்த்த அளவைக் கேட்டு நடக்க ஊர் வேண்டும்.

மழையோடு ஓடையையும் அளக்கும் இந்த வேலையைப் பாடசாலைகள் தொடங்கலாம். ஓடைக்கு முக்கோண வெட்டுப் பலகை செய்ய ஒரு தச்சரும் மூலைமட்டமும் போதும். வெட்டின் விளிம்பு தடித்திருக்கக் கூடாது, மெல்லிய தகரம் அடித்துக் கூராக்குங்கள். பலகையைச் சுற்றியும் அடியிலும் களிமண் வைத்துக் கசிவை அடைத்துவிடுங்கள். ரசமட்டம் வைத்து நேராக நிறுத்துங்கள். விழும் நீருக்குக் கீழே காற்று புக இடம் இருக்க வேண்டும், கீழ்ப்பக்க நீர் வெட்டின் அடிமுனையைத் தொடக் கூடாது. உயரத்தை வெட்டின் வாயிலேயே அளந்து விடாதீர்கள், அங்கே நீர்மட்டம் தாழ்ந்து வளைகிறது. நீரின் அதிகபட்ச ஆழத்தைப் போல் நான்கு மடங்காவது மேலே தள்ளி, அசையாத நீரில் ஒரு முளையை அடித்து, அதன் தலையை வெட்டின் அடிமுனைக்குச் சமமாக வைத்து, அங்கே அளவுகோலை நிறுத்துங்கள். ஒக்டோபருக்குப் பிறகு ஓடை பொங்கும்போது எல்லோருக்கும் அளக்க ஆசை வரும். ஊவாவில் ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை காய்கிற மாதங்கள்தான் முக்கியம். சுழலி எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதை ஓகஸ்ட் மாதத்து மெலிந்த ஓடைதான் தீர்மானிக்கும். வாரம் ஒரு தரம், ஒரே கிழமையில், இரண்டு மாணவர்கள் சேர்ந்து வாசித்து, இருவரும் கையெழுத்திட்டுக் கொப்பியில் எழுதட்டும். கொப்பி இரண்டு பிரதியாக இருக்கட்டும்: ஒன்று பாடசாலையில், மற்றது லயத்தில்.